நவம்பர் 1 அன்று என்ன கேட்பது, டீச்சர்?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் டீச்சர் கேட்டிருப்பது இது: காலை அசெம்பிளியில் தினமும் "வரலாற்றில் இன்று" என்று ஐந்து கேள்வி கேட்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சில நாள் சக ஆசிரியர் யாராவது "அந்தத் தேதி தப்பாச்சே" என்று சொல்லிவிடுகிறார். தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு தேதி, கேரளப் பட்டியலில் இன்னொன்று. எதை நம்புவது, ஐந்து கேள்வியை எப்படிப் பிரித்துத் தயாரிப்பது?

நானும் இதே பக்கத்துக்காரன்தான். வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், வாரக் கடைசியில் வினாடி வினா நடத்துகிறேன், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேதி என்பது தானாக வருவதில்லை, அதை யாரோ ஒருவர் வைத்திருக்கிறார். ஒரு அரசு உத்தரவு போட்டிருக்கும், ஐ.நா. தீர்மானித்திருக்கும், பஞ்சாங்கக்காரர் கணித்திருப்பார், அல்லது அந்த நிகழ்ச்சி உண்மையிலேயே அன்றைக்கு நடந்திருக்கும். இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் தப்பு பாதி குறைந்துவிடும், கேள்வியும் தானாகவே சுவாரசியமாகிவிடும். "இன்று என்ன தினம்?" என்று கேட்டால் பதில் ஒரு வார்த்தையோடு முடிந்துபோகும். "இதை ஏன் இன்றைக்கு வைத்தார்கள்?" என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்ன உதாரணம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். சி.வி. ராமனோடு சம்பந்தப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் பாதிப் பிள்ளைகள் "ராமன் பிறந்தநாள்" என்று கையைத் தூக்குவார்கள். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். கண்டுபிடித்தவர் பிறந்த நாளை விட்டுவிட்டுக் கண்டுபிடிப்பு நடந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். தேசியக் கணித தினமான டிசம்பர் 22-ஐ எடுத்தால் கதை நேர்மாறு. அது ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்த நாளேதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரு கேள்வி இரண்டு நாளைக்கு ஓடும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வருஷம் முழுக்கத் தேடினாலும் எல்லைப் பக்கப் பள்ளிக்கு நவம்பர் 1 மாதிரி ஒரு நாள் கிடைக்காது. கேரளப் பிறவி என்று பிள்ளைகள் கசவு முண்டும் செட் முண்டும் கட்டிக்கொண்டு வருவார்கள், மலையாள தினம் என்று ஆட்சிமொழி வாரம் தொடங்கும். வழக்கமான கேள்வி "கேரள மாநிலம் உருவான ஆண்டு எது?" 1956, முடிந்தது. இதைக் கேட்கவே வேண்டாம். இதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: 1956 அக்டோபர் 31 அன்று பாலக்காடு டவுன் எந்த மாநிலத்தில் இருந்தது? கொழிஞ்சாம்பாறை எந்த மாநிலத்தில் இருந்தது?

பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது, மலபார் சென்னை மாநிலத்தின் மாவட்டம். ஆக, பாலக்காடு அன்றைக்குச் சென்னை மாநிலம். கொழிஞ்சாம்பாறை இருக்கிற நம் சித்தூர் தாலுகாவோ கொச்சி ராஜ்யத்துச் சொத்து. 1949 ஜூலை 1-ல் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றானபோது அதுவும் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாயிற்று. இப்போது ஒரு பயணம் போட்டுப் பாருங்கள். 1956 அக்டோபரில் பொள்ளாச்சியில் ஏறி கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு போகிற ஒருவர் சென்னை மாநிலத்தில் புறப்பட்டு, திருவிதாங்கூர்-கொச்சிக்குள் நுழைந்து, மறுபடியும் சென்னை மாநிலத்தில் இறங்குவார். வாளையாரில் மாநில எல்லையே கிடையாது, ஏனென்றால் கோயம்புத்தூரும் சென்னை, பாலக்காடும் சென்னை. இன்றைக்கு லாரிகள் வரிசையில் நிற்கிற இடம் அன்றைக்கு வெறும் மாவட்ட எல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மூன்று ஊரையும் குறித்து, ஒரு பிள்ளையை அதில் நடக்கவிட்டு "இப்போ எந்த ஸ்டேட்?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு மறக்கவே மாட்டார்கள். பாலக்காடு என்ற மாவட்டமே 1957 ஜனவரி 1-ல் மலபாரைப் பிரித்தபோது வந்ததுதான். சித்தூர் இதில் சேர்ந்ததும் அப்போதே.

அதே 1956 நவம்பர் 1-ல் வேறு பக்கம் என்ன நடந்தது என்பதும் இதோடு சேரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகம் வந்தன. செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி திருநெல்வேலிக்குப் போயிற்று. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியல் இதைவிட நீளம். நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, அப்புறம் நம் சித்தூரும் அதில் இருந்தன, அவை கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டம் பக்கத்திலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் இந்தப் போராட்டத்தில்தான். பள்ளி அசெம்பிளியில் இதைக் கேட்கலாமா என்று உங்களுக்குத் தயக்கம் வரலாம். கேட்கலாம், ஆனால் யார் பக்கம் நியாயம் என்ற வாக்குவாதமாக்காமல் "எந்தத் தாலுகா எங்கே போயிற்று" என்று வரைபடத்தை வைத்துக் கேளுங்கள். நம் வகுப்புகளில் இரண்டு பக்கமும் சொந்தம் உள்ள பிள்ளைகள்தான் அதிகம்.

நவம்பர் 1-ல் இன்னும் இரண்டு கண்ணி உண்டு, பி.எஸ்.சி. பிள்ளைகளே விழுவார்கள். "கேரளம் உருவான அன்று முதலமைச்சர் யார்?" இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு என்று உடனே பதில் வரும். இ.எம்.எஸ். பதவியேற்றது 1957 ஏப்ரல் 5. கேரளம் பிறந்த அன்று முதலமைச்சர் என்று யாருமே இல்லை, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது, "கர்நாடகா உருவான நாள்?" நாள் சரிதான், பெயர்தான் வேறு. 1956-ல் அது மைசூர் மாநிலம், கர்நாடகா என்று பெயர் மாறியது 1973 நவம்பர் 1-ல். அதே மாதிரி நம் பக்கத்து மாநிலமும் 1956-ல் தமிழ்நாடு இல்லை, சென்னை மாநிலம். 1967 ஜூலை 18-ல் சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானம் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14.

உங்களைக் குழப்பியிருக்கும் தேதி அநேகமாக இதுதான். "தமிழ்நாடு நாள் நவம்பர் 1" என்று ஒரு பட்டியல் சொல்லும், இன்னொன்று ஜூலை 18 என்னும். இரண்டும் பொய் இல்லை. 2019-ல் இருந்த அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்துக் கொண்டாடியது. 2021-ல் வந்த அரசு, எல்லை பிரிந்த நாளைவிடப் பெயர் சூட்டிய நாள்தான் பொருத்தம் என்று ஜூலை 18-க்கு மாற்றியது. ஆகவே 2020-ல் எழுதிய பட்டியலைப் பார்த்துக் கேட்டால் தப்பாகிவிடும். பட்டியல் எந்த வருஷத்தில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் எடுக்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். என் கணக்கில், இந்த இரண்டு தேதியில் எது சரி என்று கேட்பதைவிட "இரண்டு அரசுகள் ஏன் இரண்டு தேதியைத் தேர்ந்தன?" என்பது பத்தாம் வகுப்புக்கு மிக நல்ல கேள்வி.

நவம்பர் 1-க்கு நான் சொன்னது போதாது என்றால் 1931-ல் கோயிலுக்குள் எல்லோரையும் விடக் கேட்டுக் கேளப்பன் முன்நின்ற குருவாயூர் சத்தியாகிரகம் தொடங்கியதும் அன்றுதான், 1954-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்ததும் அன்றுதான். புதுச்சேரியில் சட்டப்படி முழு ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதனால் "விடுதலை நாள் எது?" என்று அங்கேயே நெடுநாள் விவாதம். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹி மட்டும் அவசரக்காரன், 1954 ஜூலை 16-லேயே பிரெஞ்சு நிர்வாகம் அங்கிருந்து போய்விட்டது. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் கேரளமாக இருந்தும் மாஹி ஏன் கேரளத்தில் இல்லை என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

சித்தூர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஆந்திராவிலும் ஒரு சித்தூர் உண்டு, அதுவும் தமிழ் பேசுகிற எல்லைதான், அதுவும் ஒரு காலத்தில் சென்னை மாநிலம்தான். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அங்கே போயிற்று, திருத்தணியும் அதோடு போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட பட்டாஸ்கரின் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு. ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர் திருத்தணி. "ராதாகிருஷ்ணன் எந்த மாநிலத்தில் பிறந்தார்?" என்று கேட்டால் தமிழ்நாடு என்பார்கள், விட்டுவிடலாம். "அவர் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் அவர் பிறந்த ஊர் எத்தனை முறை மாநிலம் மாறியது?" என்று கேளுங்கள். 1952-ல் அவர் பதவியேற்றபோது சென்னை, 1953-ல் ஆந்திரா, 1960-ல் மறுபடியும் சென்னை. இரண்டு முறை! 1962-ல் அவர் குடியரசுத் தலைவராகும்போது ஊர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆசிரியர் தினத்தன்று வாழ்த்து அட்டை படிக்கிறதற்கு நடுவில் இப்படி ஒன்று கேட்டால் ஹெட்மாஸ்டரே திரும்பிப் பார்ப்பார். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். குழந்தைகள் தினத்திலும் இதே கதை. நமக்கு நவம்பர் 14, உலகத்துக்கு நவம்பர் 20.

சரி, பஞ்சாங்கத் தேதிகள். எல்லைப் பள்ளிக்கு இதுதான் பெரிய தலைவலி, இதுதான் பெரிய சொத்தும். நம் வீடுகளில் தமிழ்க் காலண்டர் ஒன்று, மலையாளக் காலண்டர் ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஆவணி என்றால் சிங்ஙம், ஐப்பசி என்றால் துலாம், மார்கழி என்றால் தனு. எல்லாம் ஒரே சூரியக் கணக்குதான். ஆனால் சில மாதம் ஒன்றாம் தேதி ஒரு நாள் தள்ளிப்போகும். 2023-ல் சித்திரை 1 ஏப்ரல் 14-ல் வந்தது, மலையாளத்துச் சித்திரையான மேடம் பிறக்கிற விஷு ஏப்ரல் 15-ல் வந்தது. அடுத்த வருஷம் இரண்டும் ஏப்ரல் 14. ஏன்?

சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைகிற நேரத்தைச் சங்கிரமம் என்பார்கள். அந்த நேரம் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். அதை எந்த நாள் கணக்கில் எழுதுவது என்பதில்தான் வித்தியாசம். தமிழ் வழக்கப்படி சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் நுழைந்தால் அன்றைக்கே மாதம் பிறந்துவிடும். மலையாள வழக்கப்படி உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள் நுழைந்தால்தான் அன்றைக்கு, இல்லாவிட்டால் மறுநாள். ஒரு நாழிகை 24 நிமிஷம், 18 நாழிகை என்றால் ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். காலை ஆறு மணிக்குச் சூரியன் உதித்ததாக வைத்துக்கொண்டால் மதியம் ஒன்று பன்னிரண்டுதான் கெடு. 2023-ல் சூரியன் மேடத்தில் நுழைந்தது ஏப்ரல் 14 பிற்பகல் மூன்று மணிவாக்கில். தமிழ்க் கணக்குக்கு அது நேரத்தோடு வந்துவிட்டது, மலையாளக் கணக்குக்குத் தாமதம். 2024-ல் முந்தின நாள் இரவே நுழைந்துவிட்டதால் இருவருக்கும் பஞ்சாயத்து இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 18-ஐ 24-ஆல் பெருக்கத் தெரிந்தால் போதும், இதைப் புரிந்துகொள்ளும். "அம்மாவீட்டில் புத்தாண்டு இன்னிக்கு, பாட்டிவீட்டில் நாளைக்கு, ஏன்?" என்று அதன் மனசில் கிடந்த கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆகையால் மாதப்பிறப்பு சார்ந்த தினங்களுக்கு ஆங்கிலத் தேதியை மனப்பாடமாகச் சொல்லாதீர்கள், அந்த வருஷத்துக் காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். சிங்ஙம் 1 கேரளத்தில் கர்ஷக தினம், அதாவது விவசாயிகள் தினம், வழக்கமாக ஆகஸ்ட் 17 ஒட்டி வரும். திருவள்ளுவர் தினம் தை 2, அது ஜனவரி 15 அல்லது 16. ஓணம் இன்னும் மோசம், சிங்ஙத்தில் திருவோண நட்சத்திரம் என்பதால் ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் நடுவே ஊஞ்சலாடும்.

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பிடித்த உதாரணம் நாராயண குரு. கேரளத்தில் அவருக்கு வருஷத்தில் இரண்டு விடுமுறை. ஜயந்தி சிங்ஙத்தில் சதய நட்சத்திரத்தன்று, அது வருஷாவருஷம் மாறும். சமாதி தினம் கன்னி (புரட்டாசி) 5, வழக்கமாகச் செப்டம்பர் 21. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் மறைந்தது 1928 செப்டம்பர் 20 என்று இருக்கும். இதைப் பார்த்து ஒரு மாஷ் (வாத்தியார்) தப்பு என்பார், இன்னொருவர் சரி என்பார். அந்த வருஷம் கன்னி 5 செப்டம்பர் 20-ல் விழுந்தது, இப்போது 21-ல் விழுகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒரே மனிதருக்கு ஒரு நாள் நட்சத்திரப்படி, ஒரு நாள் மாதத் தேதிப்படி, ஆங்கிலத் தேதிப்படி ஒன்றுமே இல்லை. கேள்வி கேட்கும்போது "மறைந்த தேதி" என்று கேட்டால் 20, "சமாதி தினமாக அனுசரிக்கிற நாள்" என்றால் கன்னி 5. வார்த்தையைப் பார்த்துப் போட்டால் சண்டை வராது.

மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் வருஷத்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் பழைய ஆதாரம், அதாவது நிலப்பத்திரம், வைத்திருக்கிற குடும்பம் நம் பக்கம் நிறைய. அதில் 1110, 1120 என்று வருஷம் போட்டிருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து "ஆயிரம் வருஷத்துப் பத்திரம்" என்று பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்கியது, சிங்ஙம் ஒன்றில் வருஷம் மாறும். கணக்கு எளிது: சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டு, ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825 கூட்டு. 1120 மேடம் என்றால் 1945 ஏப்ரல்–மே. "வீட்டில் இருக்கிற ஏதாவது பழைய காகிதத்தில் கொல்லம் வருஷம் இருந்தால் பார்த்து எழுதிக்கொண்டு வா, ஆங்கில வருஷமாக மாற்று" என்று வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடை வாங்குங்கள். ஒரு பிள்ளை அதன் கொள்ளுத்தாத்தா பேரோடும் சர்வே நம்பரோடும் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் சர்வே நம்பரையெல்லாம் அசெம்பிளியில் வாசிக்க வேண்டாம், வருஷம் மட்டும் போதும்.

நிஜமாகவே நடந்த நிகழ்ச்சிகளுக்கும் தேதி வழுக்கும். நள்ளிரவு ஒரு காரணம். பாரதியார் நினைவு நாளைச் செப்டம்பர் 11 என்று தமிழக அரசு மகாகவி நாளாக அறிவித்திருக்கிறது. 1921-ல் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, கடிகாரப்படி 12 பிறந்த பிறகு. அதனால் 12 என்று எழுதுகிறவர்களும் உண்டு. கேட்பதானால் "மகாகவி நாள்" என்று கேளுங்கள், பதில் ஒன்றுதான். இரண்டாவது காரணம் உலக நேரம். மனிதன் நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20 என்று உலகமே படிக்கிறது. நம் கடிகாரத்தில் அப்போது ஜூலை 21 அதிகாலை 1.47. ஒரு பிள்ளை "21" என்றால் உட்காரவைத்துவிடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். காரணம் சொன்னால் மார்க் கொடுக்கலாம்.

மூன்றாவது காரணம் ஐரோப்பாவின் பழைய நாட்காட்டி. ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616-ல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பட்டியல்கள் ஆசையாக எழுதும். செர்வாண்டிஸ் ஸ்பெயினில், அங்கே அப்போதே கிரிகோரியன் நாட்காட்டி வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஜூலியன் நாட்காட்டி, பத்து நாள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆக, தேதி ஒன்று, நாள் வேறு. போதாததற்கு செர்வாண்டிஸ் இறந்தது 22-ல், 23-ல் அடக்கம் என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-ல் வருவதும் இதே சமாச்சாரம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் போதும் இது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

அடுத்து இடம் தப்புவது. "1936 நவம்பர் 12: கேரளத்தில் கோயில் நுழைவுப் பிரகடனம்" என்று எழுதாத பட்டியல் இல்லை. 1936-ல் கேரளம் எங்கே இருந்தது? பிரகடனம் செய்தது திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், அது திருவிதாங்கூர்க் கோயில்களுக்கு மட்டும். கொச்சியில் கோயில்கள் எல்லோருக்கும் திறக்க அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் சித்தூர் கொச்சி என்று மேலே சொன்னேன் இல்லையா? அப்படியென்றால் அன்றைய பிரகடனம் நம் ஊர்க் கோயிலுக்குப் பொருந்துமா என்பதுதான் நம் பிள்ளைகளுக்கான கேள்வி. பழைய நிகழ்ச்சி எதைப் படித்தாலும் அன்றைக்கு அந்த ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கிறதற்கு நான் பெரிய வித்தை ஒன்றும் செய்வதில்லை. "இந்த நாளில்" பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, பத்துப் பட்டியலில் ஒரே தேதி இருந்தாலும் ஒரு சாட்சிதான். ஆகவே பட்டியலை விட்டு ஆளைப் பற்றியோ நிகழ்ச்சியைப் பற்றியோ தனியாக எழுதியிருப்பதைப் போய்ப் படிக்க வேண்டும். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று படித்தால் இன்னும் நல்லது, நமக்குத்தான் இரண்டும் வாசிக்க வருமே! இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கேள்வியை அன்றைக்கு விட்டுவிடுங்கள், வேறு கேள்விக்குப் பஞ்சமில்லை. "உலகிலேயே முதல்", "இந்தியாவின் முதல்" என்று தொடங்கும் எதையும் நான் தொடுவதில்லை, அதில் பாதிக்குமேல் யாரோ பெருமைக்குச் சேர்த்தது. வாட்ஸ்அப்பில் "யுனெஸ்கோ அறிவித்தது" என்று வருவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஐந்து கேள்வியை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்துமே ஒரே நாளைப் பற்றி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் ஒன்றிரண்டு வைத்தால் போதும் என்பேன். முதல் கேள்வி ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற மாதிரி இருக்கட்டும், அது கைதூக்கும் சந்தோஷத்துக்காக. ஒரு கேள்வி ஊரைத் தொட வேண்டும். ஒரு கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும். பிறந்தநாள், நினைவுநாள் என்று தலைவர்கள் பெயரைத் தினமும் அடுக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொட்டாவிக்குக் காரணம் அதுதான். ஒருவர் பிறந்தார் என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேரள நூலக இயக்கத்துப் பி.என். பணிக்கரை எடுத்தால், ஜூன் 19 அவர் பிறந்தநாளா இறந்தநாளா என்பதைவிட, அவர் 1995-ல் மறைந்த நாளைக் கேரளம் ஏன் வாசிப்பு தினமாக வைத்துக்கொண்டது, அவர் கிராமம் கிராமமாக என்ன கட்டினார், நம் ஊர் வாயனசாலை எந்த வருஷத்தது என்று போகலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தக் கட்டடத்தின் பலகையிலேயே இருக்கும், சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வருஷத்தில் சில நாள் எதுவுமே சிக்காது. அப்போது சரித்திரத்தை விட்டு வானத்தைப் பாருங்கள். நம் ஊர் கிட்டத்தட்ட 10.7 டிகிரி வடக்கில் இருக்கிறது, அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ஒன்று ஏப்ரல் 18 ஒட்டி, அப்போது பள்ளி லீவு. இன்னொன்று ஆகஸ்ட் 25 ஒட்டி. அன்றைக்குக் காலையில் "இன்று மதியம் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். கிழக்கு, வடக்கு என்று ஆளுக்கொரு பக்கம் சொல்வார்கள். நேரம் சரியாகப் பன்னிரண்டு இல்லை, நாம் இந்தியத் திட்டநேரக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் 12.25 வாக்கில் ஆகும். அதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கம்பத்தடியில் ஒரு வரிசை பிள்ளைகளை நிறுத்திவிடுங்கள், சுண்ணாம்பால் நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டே வரட்டும். கம்பம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் சரிவராது, அதற்குப் பதில் ஒரு தூக்குக்குண்டோ நேரான பி.வி.சி. குழாயோ போதும். ஆகஸ்டில் மேகம் மூடிவிட்டால் கவலைப்பட வேண்டாம், ஒரு நாள் முன்னேயோ பின்னேயோ பார்த்தாலும் ஆள் உயரக் குழாயின் நிழல் விரலகலத்துக்குமேல் நீளாது.